அந்தக் கவரிலிருந்து தபால்தலையைக் கிழிக்காதீர்கள்: வாசகர் கேள்வி - பதில்

தபால்தலை, தபால் முத்திரை சேகரிப்பைப் பற்றி வந்த கேள்விகளில், பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் குடியேறி வாழும் வாசகர்கள் கேட்டவை இந்த முறை இடம்பெறுகின்றன.

கேள்வி: நாடு விட்டு நாடு வந்து முப்பது வருடம் ஆகிறது. பெற்றோர் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறையக் கவரோடு இருக்கின்றன. தபால்தலைகளை மட்டும் வெட்டியெடுத்து ஆல்பத்தில் வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தத் தலைகளில் பெரும்பாலானவை லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் அச்சானவை. அதே தலையை நாளைக்கும் எங்காவது வாங்கிவிடலாம். ஆனால் இன்ன அஞ்சலகத்தில், இன்ன தேதியில், இவ்வளவு கட்டணம் கட்டி, இந்த வழியாக இந்த நாட்டுக்கு வந்த கடிதம் என்ற சேதி உங்கள் கவரில் மட்டும்தான் இருக்கிறது. தலையை உரித்தால் முத்திரை அறுந்து, பாதி தலையோடு போகும், பாதி கவரில் நிற்கும். அப்புறம் இரண்டுமே ஊமை.

முதலில் எல்லாக் கவர்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் வெட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் நடக்கும் தவறு. வழியில் கடிதம் தங்கிய ஊர்களின் முத்திரையும், வந்துசேர்ந்த ஊரின் முத்திரையும் அங்கேதான் விழுந்திருக்கும். பதிவுத் தபால் என்றால் நான்கைந்துகூட இருக்கலாம்.

எந்தக் காரணம் கொண்டும் வெட்டக் கூடாதவை சில உண்டு. பதிவு எண் ஒட்டிய கவர்கள். கட்டணம் குறைவாக ஒட்டியதற்காக ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்து குத்தப்பட்டவை. 1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு என்பதால், வரி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து அது. போர்க்காலத் தணிக்கைக்காகப் பிரித்து மீண்டும் தாள் ஒட்டி மூடியவை. அந்தத் தாளையும் பிரிக்கக் கூடாது. ‘விலாசதாரர் இல்லை’, ‘தவறாக அனுப்பப்பட்டது’ போன்ற குறிப்புகள் உள்ளவை. பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதிய விலாசம் எழுதி அங்கே அனுப்பப்பட்ட கவர்கள் எல்லாவற்றையும்விட முக்கியம். குடியேறியவர்கள் முதல் சில வருடங்களில் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த அலைச்சலுக்குத் தேதி போட்ட சாட்சி இப்படிப்பட்ட கவர்தான்.

ஏரோகிராமையும் (தாளையே மடித்து ஒட்டி அனுப்பும் விமான அஞ்சல் கடிதம்) அப்படியே வையுங்கள். அதில் தலை தனியாக ஒட்டியதல்ல, தாளிலேயே அச்சிட்டது. வெட்டினால் அஞ்சல் பொருள் என்ற தன்மையே போய்விடும். பிரிக்காத ஏரோகிராம் இருந்தால் பசையிட்ட ஓரத்தில் மெல்லிய கத்தியைச் செருகி மடல் முழுதாக வரும்படி பிரியுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அதை மீட்க வழியே இல்லை.

மீதமுள்ள சாதாரணக் கவர்களில் கிழிந்தவை, தண்ணீர் பட்டவை இருந்தால் முத்திரைக்காக வெட்டிக்கொள்ளலாம். அகலம் 10 செ.மீ., உயரம் 5 செ.மீ. கொண்ட செவ்வகமாக, தலையும் வட்ட முத்திரையும் பக்கத்திலுள்ள அலைக்கோடுகளும் முழுதாக அடங்கும்படி வெட்டுங்கள். முத்திரை சேகரிப்போர் பலரும் பின்பற்றும் இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் என்ற அளவு ஏறக்குறைய இதுதான்.

கேள்வி: தண்ணீரில் ஊறவைத்து எடுத்த தலைகள் சில இளஞ்சிவப்பாகிவிட்டன. சில சுருண்டுவிட்டன. எங்கே தப்பு?

பதில்: இளஞ்சிவப்பு, கவரிலிருந்து வந்த சாயம். சிவப்பு, பச்சை நிறக் கவர்த் துண்டுகளையும், ஊதா மையால் எழுதிய துண்டுகளையும் மற்றவற்றோடு சேர்த்து ஊறவைக்கவே கூடாது. அவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில், குளிர்ந்த நீரில், ஒவ்வொன்றாகப் போட்டு, சாயம் இறங்கத் தொடங்கியதும் நீரை மாற்றுங்கள்.

சாதாரணப் பசைத் தலைக்கு முறை இது. தலையைச் சுற்றி 5 மி.மீ. தாள் விட்டு வெட்டுங்கள். தலையின் ஓரத்திலுள்ள துளைப் பற்களில் கத்தரி படக் கூடாது. அகலமான தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி ஒரு தடவைக்கு இருபது தலைக்கு மேல் வேண்டாம். தலை தானாக வழுக்கி நகர வேண்டும். நகராவிட்டால் இன்னும் பத்து நிமிடம் காத்திருங்கள், இழுக்காதீர்கள். நனைந்த தாள் எவ்வளவு பலவீனமானது என்பது பாதி கிழிந்த பிறகுதான் தெரியும்.

பலர் விட்டுவிடுவது அடுத்த படியைத்தான். வேறொரு தட்டில் சுத்தமான நீர் வைத்து, அதில் தலையின் பின்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி மிச்சப் பசையைப் போக்க வேண்டும். அந்தப் பசைதான் காயும்போது தாளைச் சுருட்டுகிறது. ஒற்றுத்தாளோடு தலையை ஒட்டவைப்பதும் அதுவே. பிறகு ஒற்றுத்தாளின் மேல் முகம் கீழாகப் பரப்பி, லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு புதிய ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். செய்தித்தாள் உதவாது, அதன் மை இறங்கும். சுருண்டுபோனவற்றை மறுபடி நனைத்து இதே மாதிரி அழுத்தினால் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1880களிலிருந்து லண்டனின் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட பச்சை, இளம் ஊதா நிறத் தலைகளில் நீர் பட்டால் கலையும் மையை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுப்பதற்காக. பிரிட்டனுக்கு மட்டுமல்ல, அதன் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் அப்படி அச்சானது. பழைய தலை எதுவானாலும் அடையாளம் தெரியும்வரை நீரில் போடாதீர்கள். ஒட்டாத புதுத் தலையையும்தான். அதன் பசை போனால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் தலைகள் எவ்வளவு ஊறினாலும் வருவதில்லையே?

பதில்: வராது. முன்பு வந்த பல ஸ்டிக்கர் தலைகளில் தாளுக்கும் பசைக்கும் இடையே நீரில் கரையும் மெல்லிய படலம் இருந்தது. இப்போது பல நாடுகளின் தலைகளில் அது இல்லை. பிரிட்டனில் 2009இலிருந்து வந்த அரசி உருவத் தலைகளில், உரித்தால் கிழியட்டும் என்றே வளைவான வெட்டுகளும் போட்டார்கள்.

எங்கள் யோசனை, உரிக்காதீர்கள் என்பதே. நாலு பக்கமும் ஒரே அளவாக 4 மி.மீ. தாள் விட்டு நேராக வெட்டி, தாளோடு வையுங்கள். உரித்தே ஆக வேண்டும் என்றால், ஆரஞ்சு எண்ணெய் சேர்ந்த கரைப்பானைத் தாளின் பின்புறம் மட்டும் தடவி, தாள் எண்ணெய் பட்டதுபோல் கண்ணாடியாகத் தெரியும்வரை பொறுத்திருந்து, தலையைப் பிடித்துக்கொண்டு தாளை உரியுங்கள். தாளைப் பிடித்துக்கொண்டு தலையை அல்ல. பிசுபிசுப்பு போக டால்கம் பவுடர் தூவித் துடைக்க வேண்டும். கரைப்பான் தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் அறையில் வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஆனால் நீக்காத பசையும் சில தலைகளைக் கெடுக்கும் என்பதற்கு, அமெரிக்கா 1974இல் கிறிஸ்துமஸுக்காக வெளியிட்ட புறாப் படத் தலையைப் பார்க்கலாம். அந்த நாட்டின் முதல் ஸ்டிக்கர் தலை அது. பசை தாளுக்குள் ஊறி இன்று பெரும்பாலானவை பழுப்புப் படிந்து கிடக்கின்றன.

கேள்வி: முத்திரையில் வருடம் தெரியவில்லை. எந்தக் காலத்துக் கடிதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் கண்ணுக்கு உதவி. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். உலோக முத்திரை அழுந்திய பள்ளம், மை இல்லாத இடத்திலும் தெரியும். அப்புறம் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். படத்திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கும். சிவப்புத் தலைமேல் கறுப்பு முத்திரை என்றால் சிவப்புப் படத்தை மட்டும் பாருங்கள். தலை வெளுத்து, முத்திரை எழுந்து நிற்கும்.

அப்படியும் கிடைக்காவிட்டால் கவரே சில எல்லைகளைச் சொல்லும். தலை வெளியான தேதிக்கு முன் அந்தக் கடிதம் போயிருக்க முடியாது. இந்தியத் தலையில் ‘நயா பைசா’ என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது அல்ல. 1964இல் ‘நயா’ நீக்கப்பட்டது, ஆனால் பழைய தலைகள் அதற்குப் பிறகும் புழங்கின. முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. பின்கோடு இல்லாதது மட்டும் எதற்கும் சாட்சியாகாது, பழைய முத்திரைக் கட்டைகளை ஓய்த்துப் போட அஞ்சலகங்கள் அவசரப்படுவதில்லை. எண் 6இல் தொடங்கினால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், லட்சத்தீவு வட்டாரம். சிலோன் என்பது ஸ்ரீ லங்கா ஆனது 1972 மே மாதம். மதராஸ், சென்னை ஆனது 1996.

மலாயாவிலிருந்து வந்த பழைய உறையில் 2602 என்று ஆண்டு தெரிந்தால் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்து ஜப்பானிய ஆண்டு அது. 660 கழித்தால் 1942. தாய்லாந்தின் ஆண்டில் 543 கழிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பம் போன நாடுகளின் வழியே ஒரு தொகுப்பு செய்ய ஆசை. பர்மா, சிங்கப்பூர், அப்புறம் மேற்கு நாடு. எங்கே தொடங்குவது?

பதில்: இதைவிட நல்ல தலைப்பு அமையாது. தமிழர் போன வழியில் இந்தியத் தலைகளும் கூடவே போயிருக்கின்றன. சிங்கப்பூரில் 1854 முதல் இந்தியத் தலைகளே புழங்கின. ‘பி 172’ (B 172) என்ற முத்திரை விழுந்த இந்தியத் தலை சிங்கப்பூரில் பயன்பட்டது. 1867இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் தனி ஆட்சிப் பகுதியானபோது வந்த முதல் தலைகளும் இந்தியத் தலைகள்தான், மேலே கிரீடமும் புதிய செண்ட் விலையும் அச்சிட்டவை. பர்மா 1937 ஏப்ரல் 1இல் இந்தியாவிலிருந்து பிரிந்தபோதும் ஐந்தாம் ஜார்ஜ் உருவ இந்தியத் தலைகளில் ‘பர்மா’ என்று மேலச்சிட்டே தொடங்கினார்கள். மேலச்சுகளையும் ‘பி 172’ போன்ற முத்திரைகளையும் போலியாகச் செய்ய முடியும். விலை அதிகமானால் நிபுணர் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

தொடக்கத்திலேயே நூறு பக்கம் வேண்டாம். கண்காட்சியில் பக்கங்களை மாட்டும் சட்டகம் ஒன்றில் 16 பக்கம் அடங்கும்; அந்த அளவுக்குத் திட்டமிடுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு கவர், மிஞ்சினால் இரண்டு. கீழே நாலு செய்தி மட்டும்: புறப்பட்ட ஊரும் தேதியும், வந்துசேர்ந்த தேதி, கட்டிய கட்டணம் எதற்கானது, வழியில் விழுந்த முத்திரைகள். கட்டணக் கணக்குதான் கடினமான பகுதி. ஒட்டிய தலைகளின் கூட்டுத்தொகை அன்றைய விமான அஞ்சல் கட்டணத்தோடு பொருந்தாவிட்டால் ஒரு காரணம் இருக்க வேண்டும்: எடை கூடியிருக்கும், பதிவாக இருக்கும், அல்லது ஒரு தலை உதிர்ந்திருக்கும். உதிர்ந்த இடத்தில் முத்திரைக் கோடு திடீரென்று நின்றுபோயிருக்கும். உயிரோடு இருப்பவர்களின் விலாசம் தெரியும் கவரைப் பொதுவில் வைக்கும்போது அந்த இடத்தைச் சிறு தாளால் மறையுங்கள். ஒட்டாமல், மேலே செருகினால் போதும்.

கேள்வி: இப்போது வரும் கடிதங்களில் முத்திரை தெளிவாக விழுவதே இல்லை. நல்ல முத்திரை பெற வழி?

பதில்: பிரிப்பு மையத்து இயந்திரம் மையைத் தெளிக்கிறது, ஊர்ப் பெயரும் பல சமயம் மையத்தின் பெயர்தான். ஊர்ப் பெயர் வேண்டுமானால் அஞ்சலக ஜன்னலில் கைமுத்திரை கேளுங்கள். கவருக்குள் கவரின் அளவே உள்ள அட்டையை வையுங்கள். தட்டையாக, கடினமாக இருந்தால்தான் வட்டம் முழுதாக விழும். தலையை வலது மூலையில் ஒட்டி, இடப்பக்கம் 5 செ.மீ. எழுத்தில்லாமல் விடுங்கள். முத்திரையின் கால்பங்கு தலைமேலும் மீதி வெற்றுத் தாள்மேலும் விழும்படி கேட்டால் ஊரும் தேதியும் படிக்கத் தெரியும். பளபளப்பான தாளில் மை காயாது, தேய்ந்து போகும். பை எதற்குள்ளும் போடுமுன் ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். தூரத்து அஞ்சலகமானால், சொந்த விலாசமும் சரியான தலையும் உள்ள கவரை இன்னொரு கவரில் வைத்து, வேண்டியதை இரண்டு வரியில் மரியாதையாக எழுதி அஞ்சலக அதிகாரிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: துளைப் பல் 14 என்றால் என்ன?

பதில்: 2 செ.மீ. நீளத்தில் 14 துளைகள். அவ்வளவுதான். மேல்புற அளவும் பக்கவாட்டு அளவும் வேறானால் முதலில் மேல்புற அளவு.

கேள்வி: நாடு மாறும்போது ஆல்பம் கெட்டுவிட்டது. பழுப்புப் புள்ளிகள், ஒட்டிக்கொண்ட தலைகள். காப்பாற்றலாமா?

பதில்: பழுப்புப் புள்ளி பூஞ்சையின் வேலை, ஈரமும் சூடும் சேரும் இடத்தில் வரும். புள்ளி உள்ளவற்றை உடனே தனியாக்குங்கள், நல்ல தலைகளுக்கும் பரவும். பசைப்பக்கம் ஒட்டிக்கொண்ட புதுத் தலைகளை உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள், சிலது தானாக விடும். விடாதவற்றை மூடிய டப்பாவுக்குள் ஈரப் பஞ்சுக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு நாள் வையுங்கள்; பசை இளகும்.

இனி வைக்கும் இடம்: நிலவறையும் வேண்டாம், பரணும் வேண்டாம், சூடேற்றும் கருவிக்குப் பக்கமும் வேண்டாம். 40 முதல் 50 சதவீத ஈரப்பதமும் 20 டிகிரி வெப்பமும் போதும். ஆல்பத்தைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் பிசுபிசுத்துத் தலையின் நிறத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் இன்றே கழற்றுங்கள். பழைய செல்லோடேப்பை மட்டும் இழுக்காதீர்கள், தாளின் மேல்தோல் கூடவே வரும். கப்பல் பெட்டியில் அனுப்பாமல் கையோடு கொண்டுபோவது மேல். குறிப்பு எழுதுவதானால் கவரில் அல்ல, ஆல்பப் பக்கத்தில், மென்மையான 2பி பென்சிலால், கவரை எடுத்துவிட்டு எழுதுங்கள். கவரின் மேல் தாள் வைத்து எழுதினால் பென்சிலின் அழுத்தம் முத்திரையில் பதியும்.