"முடிச்சிட்டேன் டீச்சர்!"

கேள்வி: என் மகன் மேலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் பூக் கட்டி விற்கிறேன். மல்லிகை கிலோ விலையைச் சொன்னால், கால் கிலோ என்ன விலை என்று நான் யோசிப்பதற்குள் சொல்லிவிடுவான். வகுப்பில் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்ற பிள்ளைகளைச் சீண்டுகிறானாம். டீச்சர் அதையே திரும்ப எழுதச் சொல்கிறார். வீட்டில் ஒரு கணக்கு தப்பானாலும் நோட்டைக் கிழித்துவிட்டு அழுகிறான். அபாகஸில் சேர்க்கச் சொல்கிறார்கள், நேரே ஐந்தாம் வகுப்பில் போடச் சொல்கிறார்கள். என்ன செய்ய? (போன வாரம் கடிகாரத்தை வேறு கழற்றிப் போட்டுவிட்டான்.)
- பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: சீண்டல் கிடக்கட்டும் அம்மா, அந்த அழுகையைப் பற்றி முதலில் பேசுவோம்.

உங்கள் பையனுக்கு இதுவரை எந்தக் கணக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. அதனால் தப்புப் போட்டே பழக்கமில்லை. கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுடா" என்று நடுவீட்டில் நிறுத்தி, சொன்னதும் "மூளைக்காரன்" என்றிருப்பார்கள். தப்பானால் அந்தப் பட்டம் போய்விடுமே! எட்டு வயதுக்கு அது பெரிய பாரம். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1998இல் வந்தது. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள், கடினமான புதிர்களில் ஒருமுறை சறுக்கியதும் அடுத்து வந்த சுலபமான புதிர்களிலும் தடுமாறினார்கள். "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்கள் தடுமாறவில்லை. ஆகவே வாய்ப்பாட்டுக் கச்சேரியை இன்றோடு நிறுத்துங்கள். "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள், போதும்.

அவனுக்கு வேண்டியது உடனே விடை வராத கணக்கு. ஒன்று தருகிறேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகும்போது ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக இருப்பதைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். நாலு பக்கமும் பத்துப் பத்து அடி தள்ளி, வெளியே இன்னொரு சதுரம். சுற்றி வர எத்தனை அடி கூடும்? உள்சதுரம் சின்னதாக இருந்தால் எவ்வளவு, ஊரளவு பெரிதாக இருந்தால் எவ்வளவு? இரண்டுக்கும் 80 அடிதான். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் ஆகட்டும், தப்பும் தவறுமாகப் போடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அம்மாவும் தப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் திருத்துகிறாள் என்று பார்த்தால் நோட்டுக் கிழிவது குறையும்.

பள்ளிக்கு வருவோம். முடித்த பிள்ளையை அதையே எழுத வைப்பது, வேகமாக முடித்ததற்குத் தண்டனை. நானும் ஒரு காலத்தில் அப்படி எழுத வைத்தவள்தான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன தோன்றும்? அதனால் டீச்சரிடம் குறையாகப் பேசாதீர்கள். "பயிற்சியில் கடைசி ஐந்து கணக்கை அவன் முதலில் போடட்டுமா டீச்சர்? சரியாக வந்தால் மீதியை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யட்டுமே" என்று கேளுங்கள். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்? மலரைத் தாண்டியவனுக்கும் ஏதாவது வேண்டும் என்றால் அவருக்குப் புரியும். எப்போதாவது மற்ற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தினமும் குட்டி வாத்தியார் ஆக்கிவிட வேண்டாம்.

அபாகஸ் வேண்டாம். வேகம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கும் இப்போது அவசரப்படாதீர்கள். கணக்கு பத்து வயதுக்கு ஓடினாலும் கையெழுத்தும் கோபமும் கோலிக்குண்டுச் சண்டையும் எட்டு வயதில்தான் இருக்கும். அபாகஸுக்குக் கட்டும் காசை மிச்சம் பிடித்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு பஸ் ஏறுங்கள். 2023இல் திறந்தது, குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. புத்தகத்தை அவனே எடுக்கட்டும். கணக்குப் புத்தகம் எடுக்காமல் பாம்புப் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடிகாரமா? ஓடாத பழையது என்றால் அவனுக்கே கொடுத்துவிடுங்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு. மிக்ஸி பக்கம் மட்டும் விடாதீர்கள்.