தொகுப்பு வீடும் கீற்றுக் கொட்டகையும்

அன்புள்ள ஐயா,

2005இல் கல்லூரி முடித்த கையோடு நாகப்பட்டினத்தில் ஆறு மாதம் சுனாமி நிவாரண வேலை செய்தேன். அப்போது நாங்கள் கட்டிக்கொடுத்த குடியிருப்பைப் போன மாதம் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். மனசே விட்டுப்போயிற்று. சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இருப்பவர்களும் வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு அதில்தான் சமைக்கிறார்கள். பல பேர் பழையபடி கடலோரத்துக்கே போய்விட்டார்களாம். அவ்வளவு உயிர் போன இடத்துக்குத் திரும்பிப் போக எப்படி மனசு வருகிறது? சும்மா கிடைத்ததால் அருமை தெரியவில்லை என்று நினைக்கிறேன். தவறா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தவறு என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே கேள்வியோடு போய் நானும் மாட்டிக்கொண்டவன்தான்.

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மதியம். அப்படியொரு குடியிருப்பில், கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், "உள்ள இருக்கலாமே ஆயா?" என்று கேட்டேன். "நீ போய் செத்த நேரம் உக்காந்துட்டு வா தம்பி, அப்புறம் பேசுவோம்" என்றார். போனேன். காலையிலிருந்து குடித்த வெயிலையெல்லாம் தளம் என் தலையில் கொட்டியது. அடுப்படி என்று ஒரு மூலை. அங்கே விறகு மூட்டினால் புகை நேராகப் படுக்கிற இடத்துக்குத்தான் வரும். வலையும் ஐஸ் பெட்டியும் பாதி வீட்டை அடைத்திருந்தன. வெளியே வந்தபோது ஆயா ஒன்றும் கேட்கவில்லை, சொம்பில் தண்ணீரை நீட்டினார்.

வீட்டுக்கு ஏறத்தாழ 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கட்டியவை இவை. அந்தக் கணக்கில் திண்ணை வராது, வலை போட இடம் வராது, கருவாடு காயவைக்க முற்றம் வராது. வரிசையாகக் கட்டுவதற்காக மனையைச் சமப்படுத்தியபோது, அலைக்குத் தப்பிய மரங்களையும் பல ஊர்களில் வெட்டிச் சாய்த்தார்கள். பொறியாளர் கண்ணுக்கு அது நிழல் தரும் மரம், அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கு வலை பொத்துவது, பேரம் பேசுவது, பஞ்சாயத்துக் கூடுவது எல்லாமே அதன் அடியில்தான்.

இனி, திரும்பிப் போனவர்கள் விஷயம். 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172 உங்களுக்கு நினைவிருக்கும். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிப் போனால் புது வீடு. போக மாட்டேன் என்றால் அங்கேயே இருக்கலாம், ஆனால் பழுதுபார்க்கக்கூட உதவி கிடையாது. காற்றும் நீரோட்டமும் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று விடியுமுன் முடிவு செய்கிறான் ஒருவன். அவனை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எதைப் பார்த்து முடிவு செய்வான்? இராத்திரி படகையும் என்ஜினையும் யார் காவல் காப்பது? கரையில் ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண்களுக்கு இன்னும் சிரமம், போக வர ஷேர் ஆட்டோவுக்கே ஒரு பங்கு போய்விடும்.

அவ்வளவு உயிர் போன இடம் என்கிறீர்கள். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை. அலை நாகைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கடல் பக்கத்தில் இருந்தது ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டு மணி நேரம். ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். 2013இல் ஃபைலின் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. கடலோரத்து ஜனங்களை நிரந்தரமாகக் காலி செய்துவிட்டா இதைச் சாதித்தார்கள்? புயல் பாதுகாப்பு மையம், கேட்டதும் நம்பக்கூடிய எச்சரிக்கை, வயசானவர்களை யார் தூக்கிக்கொண்டு போவது என்று தெருத்தெருவாகப் பேசி வைத்த ஏற்பாடு. சுனாமிக்கும் 2007இலிருந்து ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. அங்கிருந்து வரும் செய்தி கடைசிக் குப்பத்து ஒலிபெருக்கி வரைக்கும் போய்ச் சேருகிறதா என்றுதான் நாம் நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் உழைப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் பட்டா கொடுத்தது அந்தக் கரையில் சின்ன விஷயமில்லை. 2018இல் கஜா அடித்தபோது கீற்றும் ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்தன, காங்கிரீட் நின்றது.

கிளம்பும்போது ஆயாவிடம், "மறுபடி கடல் வந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். சுவரில் சாய்த்திருந்த மூங்கில் ஏணியைக் காட்டினார். மொட்டைமாடி நிறையக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. "நீங்க கட்டுனதுல உருப்படி அது ஒண்ணுதான்" என்றார்.