அரிசி ஒயின் எத்தனை நாள் தாங்கும்? மாஸ்டரிடம் கேளுங்கள்

காரைக்குடி: மாஸ்டர், மகன் சிங்கப்பூரிலிருந்து ஷாவ்ஷிங் என்கிற சீன அரிசி ஒயின் வாங்கி வந்தான். சிக்கனுக்கு ரெண்டு ஸ்பூன் ஊற்றியதோடு சரி. மிச்சம் எத்தனை நாள் இருக்கும்?

திறந்தாகிவிட்டது, இனி காற்றும் சூடும்தான் எதிரி. அதில் ஆல்கஹால் 15 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பிராந்தி மாதிரி வருடக்கணக்கில் கிடக்க அது போதாது. முதலில் மணம் மழுங்கும், அப்புறம் புளிப்பு ஏறும். மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் சமையலுக்குக் குறை இருக்காது. பாதிக்குக் கீழே போனதும் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள். சித்திரை வெயில் காலத்தில் அடுப்பு மேடையில் மட்டும் வைக்காதீர்கள்.

தேவகோட்டை: ஜப்பான்காரர்களின் இனிப்பு அரிசி ஒயின் மிரினும் ஃபிரிட்ஜில்தானா?

அசல் மிரின் வேண்டாம், குளிரில் அதன் சர்க்கரை கட்டிவிடும். இருட்டான அலமாரி போதும். ஆல்கஹால் ஒரு சதவீதம்கூட இல்லாத மிரின் சுவையூட்டி என்றால், திறந்ததும் ஃபிரிட்ஜ்.

கானாடுகாத்தான்: சீனாவில் அந்த ஷாவ்ஷிங் ஊரில் பெண் பிறந்ததும் ஜாடியில் ஒயினைப் புதைத்து, கல்யாணத்துக்கு எடுப்பார்களாமே. எங்கள் ஆயா காலத்து ஊறுகாய் ஜாடி சும்மா கிடக்கிறது. அதில் ஊற்றி வைக்கட்டுமா?

வேண்டாம் ஆச்சி. பெண் பிறந்ததுமே சாமான் சேர்க்கிற நம் ஊருக்கு அந்த வழக்கம் பிடித்துப்போவது நியாயம்தான். ஆனால் அங்கே புது ஒயினைக் காய்ச்சி, சூடாகவே ஜாடியில் நிரப்பி, வாயில் இலை கட்டி, மேலே களிமண் பூசுவார்கள். காற்றுக்கு அங்கே வழி மிகக் குறைவு. உங்கள் ஜாடி மூடியை ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடும். உள்ளே மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் பழைய எண்ணெய் நெடியும் அதில் நிற்கும்.

கானாடுகாத்தான்: ஊறுகாய் கெடவில்லையே?

அதைக் காத்தது உப்பும் எண்ணெயும். ஜாடி அல்ல.

புதுவயல்: ஆச்சி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது மாஸ்டர். எங்கள் வளவு அறை மே மாதத்திலும் குளுகுளுவென்று இருக்கும்.

அறையை ஒத்துக்கொள்கிறேன். கனமான சுண்ணாம்புச் சுவர், வெளிச்சமும் கம்மி. திறக்காத பாட்டிலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பாட்டிலாகவே வையுங்கள். ஜாடி பேச்சு இத்தோடு போதும்.

பள்ளத்தூர்: திறந்த பாட்டில் எத்தனை நாள்?

முதல் பதில். மூடியை இறுக்குங்கள்.

கோட்டையூர்: திறந்தபின் வெளியே வைக்கலாமா?

முதல் பதிலேதான். மூடி!

சிவகங்கை: கவுனி அரிசியில் வீட்டிலேயே ஒயின் போடலாமா?

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கவுனியை ஊறவைத்து வேகவைத்து, தேங்காயும் சீனியும் போட்டுக் கிண்டுங்கள்.

காரைக்குடி: கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது மாஸ்டர்?

ஒரு ஸ்பூன் ஊற்றி முகருங்கள். உலர்திராட்சையும் வறுத்த கடலையும் கலந்த மாதிரி மணம் வந்தால் நல்லது. வினிகர் நெடி மூக்கில் ஏறினாலோ, மேலே வெள்ளையாக ஏடு படிந்திருந்தாலோ கொட்டிவிடுங்கள். அடியில் தங்கும் வண்டலுக்குப் பயப்பட வேண்டாம்.