பழைய தோல் ஆர்கனைசர்: ரிங்கைப் பார்த்து வாங்குங்கள்

ஆறு ரிங் போட்ட பழைய தோல் ஆர்கனைசர்களை (தாள்களை ரிங்கில் கோத்து, வேண்டும்போது கழற்றி மாற்றும் குறிப்பேடுகளை) சேர்ப்பவன், அதில் தினமும் எழுதுபவன் என்ற முறையில், வட சென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணே, பழைய பொருள் கடையில் ஒன்று பார்த்தேன். தோல் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

தோலை அப்புறம் பாருங்கள் தம்பி, முதலில் ரிங். மூடிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஆறு ரிங்கிலும் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் இடைவெளி தெரியக்கூடாது. பிறகு ஒரு மெல்லிய தாளைக் கோத்து, அந்த இணைப்பின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். தாள் தடுக்கினால், பக்கம் புரட்டும் ஒவ்வொரு தடவையும் துளை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். ஒரு ரிங் மட்டும் மயிரிழை விலகியிருந்தால், துணி சுற்றிய குறடால் பக்கவாட்டில் லேசாக அழுத்திச் சேர்க்கலாம். ஆறும் தளர்ந்து, மூடும்போது 'டக்' என்று பிடிக்காமல் இருந்தால் ரிங்குகளைத் தாங்கும் அடித்தகட்டின் இறுக்கம் போய்விட்டது. அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், விட்டுவிடுங்கள். தோலில் கீறலோ நிறம் மங்கலோ இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. கைபட்டுக் கருத்த தோல்தான் அழகு.

பெரம்பூரிலிருந்து: அப்பாவின் ஆர்கனைசரில் மேல் பூச்சு செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் போட்டால் நிற்குமா சார்?

நிற்காது. உரிவது தோல் இல்லை, ரெக்ஸின். ஓரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள்: தோல் என்றால் நார் நாராக இருக்கும், ரெக்ஸின் என்றால் துணி மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். அப்பா எழுதிய பக்கங்களைப் பத்திரமாக எடுத்து, அதே துளை அளவுள்ள வேறொன்றில் கோத்துக்கொள்ளுங்கள். உறையை விட அந்தக் கையெழுத்துதான் பெரிது.

ராயபுரத்திலிருந்து: மழைக்காலத்தில் பீரோவில் வைத்திருந்தேன். வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா. எண்ணெய் தோலைக் கருக்கும், உள்ளே இருக்கும் தாளுக்கும் கறை ஏறும். தாள்களை முதலில் கழற்றிவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டி எடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நிழலில் திறந்தபடி சில நாள் உலரட்டும். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு தோலுக்கான கிரீமை மிகக் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாத மூலையில் தடவிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பதுதான் பெரிய தப்பு. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஷூ பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பாக்கெட் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள்.

கடல் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உப்புக் காற்றில் ரிங்கில் துரு புள்ளி புள்ளியாக வரும். பழைய பல்துலக்கியில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, எண்ணெய்ப்பசையே இல்லாமல் துடைத்தெடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: உள்ளே '4சிஎல்எஃப் 7/8' என்று அச்சு இருக்கிறது. என்ன அர்த்தம்?

அடடா, நல்ல பொருள் கிடைத்திருக்கிறது! ஃபைலோஃபேக்ஸ் என்ற லண்டன் ஆர்கனைசரின் பழைய 'வின்செஸ்டர்' வகையில் இந்தக் குறியீடு வரும். சிஎல்எஃப் என்றால் கன்றுத் தோல். 7/8 என்பது ரிங்கின் விட்டம், அங்குலத்தில். சுமார் 22 மில்லிமீட்டர். விற்காதீர்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: போனிலேயே எல்லாம் இருக்கும்போது இது எதற்கு அண்ணே?

ஃபைலோஃபேக்ஸின் கதையையே சொல்கிறேன். அதை விற்ற நார்மன் அண்ட் ஹில் 1921-ல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஸ்கர் என்ற பெண்மணிதான் அந்தப் பெயரையே வைத்தவர். வாடிக்கையாளர், சரக்கு தருபவர் விவரங்களைத் தன் சொந்த ஆர்கனைசரில் எழுதி, தினமும் வீட்டுக்குக் கொண்டுபோவார். 1940-ல் ஜெர்மானியர் குண்டுவீச்சில் நிறுவனத்தின் கட்டடம் அழிந்தது. அவர் கையில் இருந்த விவரங்களை வைத்தே தொழிலை மறுபடி எழுப்பினார்கள். போனை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சீட்டுக் கணக்கு, மருந்து விவரம், முக்கியமான பத்து நம்பர், இவை தாளிலும் இருக்கட்டும்.

திருவொற்றியூரிலிருந்து: தாள் கிடைக்கவில்லை, ஆன்லைனில் விலையும் அதிகம். வழி உண்டா?

உண்டு தம்பி. ஆறு ரிங் ஆர்கனைசரில் 'பர்சனல்' என்று சொல்லும் அளவுத் தாள் 95-க்கு 171 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210. எனவே 171-ஐ அகலவாக்கில் வைத்து, நீளவாக்கில் 95, 95, 95 என்று வெட்டினால் ஒரு ஏ4-ல் மூன்று தாள் வரும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கும் கடையிலேயே வெட்டித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மை பேனாவில் எழுதுபவர் என்றால் கனமான தாளாகக் கேளுங்கள், மறுபக்கம் ஊறாது.

துளைதான் கவனம். மூன்று மூன்றாக இரண்டு கூட்டம். கூட்டத்துக்குள் துளைக்குத் துளை 19 மில்லிமீட்டர், நடுவில் 51. பழைய பக்கம் ஒன்றை அட்டையில் வைத்து அச்சு எடுத்துக்கொண்டு, ஒற்றைத் துளை போடும் 'பஞ்ச்' கருவியால் துளையிடுங்கள். கம்பெனிகள் புத்தாண்டுக்குப் பரிசாகக் கொடுத்த ஆர்கனைசர்களில் இந்த அளவு மாறலாம். அதனால் மொத்தமாக வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு தாளைக் கோத்துப் பாருங்கள்.