வீ ரிமோட் பாயிண்டர் ஆடிக்கிட்டே இருக்கு, ஏன்?

நிண்டெண்டோவோட வீ கேம் பெட்டியில ரிமோட்ட வீசுனா டென்னிஸ் பேட் சரியா ஆடுது, ஆனா ஸ்கிரீன்ல பாயிண்டரா வர்ற கை மட்டும் குதிக்குது, சாயங்காலம் ரொம்ப மோசம்னு கேட்டிருக்கீங்க. அப்போ ரிமோட் கெட்டுப் போகல, அவசரப்பட்டு புதுசு வாங்காதீங்க. வீசுறத அளக்குறது வேற பார்ட், பாயிண்டர் வேற.

டிவி மேல வைக்கிற சென்சார் பார் பேருக்குத்தான் சென்சார், அது எதையும் பார்க்காது, ரெண்டு முனையிலயும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் லைட்ட எரிய விடும், அவ்ளோதான், பார்க்கிறது ரிமோட் மூக்குல இருக்கிற கேமரா. அந்த ரெண்டு புள்ளிய வச்சுத்தான் கை எங்கன்னு கணக்குப் போடும், மூணாவதா ஒரு புள்ளி வந்தா குழம்பிடும்.

எங்க வீடு பினாங்குல, டிவி பக்கத்துலயே சாமி மேடை, அம்மா ஆறரைக்கு விளக்கேத்துனதும் பாயிண்டர் ஓட ஆரம்பிச்சிடும், கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. நெருப்புலயும் வெயில்லயும் இன்ஃப்ராரெட் நிறைய இருக்கு. விளக்க நகர்த்தாதீங்க, டிவிய நகர்த்துங்க. மேற்கு பார்த்த ஜன்னல்னா திரைய போடுங்க.

செட்டிங்ஸ்ல சென்சார் பார், சென்சிட்டிவிட்டி போங்க, ரிமோட் பார்க்கிற புள்ளி அங்கயே தெரியும், ரெண்டு மட்டும் நிக்குற வரைக்கும் குறைங்க. ஒண்ணுதான் தெரியுதுன்னா போன் செல்ஃபி கேமராவுல சென்சார் பாரைப் பாருங்க, ஊதா நிறமா மின்னும், ஒரு பக்கம் மின்னலைன்னா பார்தான் போச்சு. உட்கார்ற தூரம் ஒண்ணுல இருந்து ரெண்டரை மீட்டர் வரைக்கும் இருக்கட்டும்.