வயிற்றில் கோடு போட்ட சிவப்புக் கண் பறவை

வணக்கம் அக்கா. மலேசியாவில் ஆயர் ஈத்தாம் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுக் கொல்லையில் நீங்கள் வைக்கும் பப்பாளிக்குக் கறுப்புப் பறவைகளோடு சேர்ந்து, வெளுத்த வயிற்றில் நீளநீளக் கோடு போட்ட ஒன்றும் வருகிறது, பெண் குயிலா என்று கேட்டிருந்தீர்கள்.

குயில் இல்லை. மலாய் மொழியில் பெர்லிங் மாத்தா மேரா என்பார்கள், மைனா குடும்பம். கோடு போட்டது அதன் இளம் பறவை. கூட வரும் கறுப்பெல்லாம் வளர்ந்தவை. வெயில் படும்போது பாருங்கள், அந்தக் கறுப்பு பச்சையாக மின்னும், அவ்வளவு அழகு!

பெண் குயிலுக்கு முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும், வயிற்றுக் கோடுகள் குறுக்கே ஓடும். வாலும் நீளம், உடம்போடு சேர்த்து 40 செ.மீ.க்கு மேல் வரும். பெர்லிங் சுமார் 20 செ.மீ.தான், வால் குட்டை, அலகு கறுப்பு. கண் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், இரண்டுக்கும் சிவப்புதான். குயில் இப்படிக் கூட்டமாகவும் வராது.

அப்புறம், மிச்சப் பழத்தை இருட்டும் முன் எடுத்துவிடுங்கள், எலி வரும். அடுத்த முறை முதுகு தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.