நைட்ரஸ் பொருத்திய காரில் பிஸ்டன் உருகிவிட்டது: பட்டறை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். என் பெட்ரோல் காருக்குக் கோவையில் ஒரு பட்டறையில் ரூ.1.80 லட்சம் கொடுத்து நைட்ரஸ் கிட் (வேகம் கூட்ட இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தும் கருவி) பொருத்தினேன். ‘டியூனிங் முடிந்தது, தைரியமாக ஓட்டலாம்’ என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். சில நாட்களில், இரவு காங்கயம் சாலையில் வேகம் பார்த்தபோது ஒரு பிஸ்டன் உருகிவிட்டது. பட்டறைக்காரர் கையை விரிக்கிறார். செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டியதாகச் சொல்லி வழக்குப் போடலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: ட்ராக்கில் ஓட்டியதாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். அந்தப் பொய் குறுக்கு விசாரணையில் உடைந்தால், உங்கள் பக்கம் இருக்கும் உண்மையும் எடுபடாமல் போய்விடும்.

அந்த உண்மை வலுவானதுதான். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. இன்ஜின் சூட்டில் பிரிந்து ஆக்சிஜனைக் கூட்டித் தருகிறது. காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால், இதில் 36 சதவீதம். அதற்கு ஈடாகப் பெட்ரோல் வந்து சேராவிட்டால் பிஸ்டனின் தலை உருகும். பழைய பம்ப் அந்த அளவுக்குப் பெட்ரோல் தருமா என்று அளந்தார்களா? இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) தாமதப்படுத்தினார்களா? பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயுவை நிறுத்தும் சுவிட்ச் வைத்தார்களா? இவற்றைச் செய்யாமல் ‘முடிந்தது’ என்று சொல்லியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடு.

இன்ஜினை அதே பட்டறையில் பிரிக்க விடாதீர்கள். பட்டறைக்காரருக்கு எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு, சுயேச்சையான வாகனப் பொறியாளர் முன்னிலையில் பிரித்துப் படம் எடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைத் துடைக்காமல், எந்த சிலிண்டருடையது என்று எழுதித் தனித்தனி உறையில் போடுங்கள். வெள்ளைப் பீங்கானில் மணல் போல ஒட்டியிருக்கும் அலுமினியத் துகள்கள், பிஸ்டன் உருகியதற்குச் சாட்சி. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழுடன் அதைத் தாக்கல் செய்யலாம்.

பில் யார் பெயரில் இருக்கிறது? ஜி.எஸ்.டி. வரவுக்காகக் கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால், வணிக நோக்கம், எனவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் பெயரில் இருந்தால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.

இனி உங்களுக்குக் கசப்பானது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சி.என்.ஜி. மாற்றத்துக்கு இருக்கும் அனுமதி வழியை நைட்ரஸுக்குக் காட்ட முடியாது. 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் பொதுச்சாலையில் ஓட்டவே இதைக் கேட்டீர்கள் என்றால், ஒப்பந்தச் சட்டம் 23-ஆவது பிரிவைக் காட்டி ஒப்பந்தமே செல்லாது என்பார்கள். முழுத் தொகையும் திரும்பும் என்று நான் உறுதி தர மாட்டேன். சாலையில் ஓட்டக்கூடாது என்று அவர்கள் எச்சரிக்கவே இல்லை என்பதையும், வேலையில் செய்த அலட்சியத்தையும் முன்னிறுத்துவதுதான் உங்களுக்குள்ள நல்ல வழி.

இன்சூரன்ஸை மறந்துவிடுங்கள். இயந்திரக் கோளாறும் வேகச் சோதனையும் வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டவை. அன்றிரவு யார் மீதாவது மோதியிருந்தால், இழப்பீட்டுச் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கக்கூடும். ஷிப்ட் முடிந்து பனியன் தொழிலாளர்கள் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும் சாலை அது. அதை நினைத்தால் உங்கள் இன்ஜின் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

வாயு சிலிண்டரை இன்றே காரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாக நிற்காது, அழுத்தம் விறுவிறுவென ஏறும். சித்திரை வெயிலில் மூடிய டிக்கியில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். உரிமம் இல்லாத இடத்தில் நிரப்பியிருந்தால், எரிவாயு உருளை விதிகள் 2016-இன்கீழ் தனிச் சிக்கல் வரும். மறுபடி அங்கே போகாதீர்கள்.

பொறியாளர் அறிக்கை வந்ததும், 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். ஓட்டிய இடம் காங்கயம் சாலை என்றே அதில் இருக்கட்டும்.